நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 'ஜீரோ வோல்ட்' என்று மீட்டரைக் காட்டினால் நம்பாதீர்கள்

திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி எங்களுடையது. சர்வர், ஃபயர்வால், கேமராவுக்கு நெட்வொர்க் கேபிளிலேயே கரன்டும் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச், கேமரா பதிவாகும் என்விஆர், அடியில் 3 கேவிஏ ஆன்லைன் யூபிஎஸ் எல்லாவற்றையும் ஒரே 27யூ ரேக்கில் (இரும்பு அலமாரியில்) அடக்கித் தருவதாகச் சொல்லி ஒரு நெட்வொர்க் கான்ட்ராக்டர் வேலையை எடுத்தார். மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி கெமிக்கல் எர்த் (மண்ணில் புதைக்கும் எர்த் குழி), முழுச் செம்பு கேட்6 நெட்வொர்க் கேபிள் என்று கொட்டேஷனில் தெளிவாகப் போட்டிருந்தார். மூன்றில் ஒன்றுகூட வரவில்லை. பணம் மட்டும் மூன்றுக்கும் வாங்கிக்கொண்டார்.

வெளிப்பார்வைக்குக் குறையே சொல்ல முடியாது. கேபிளை வரிசையாக டை போட்டு, லேபிள் ஒட்டி, கண்ணாடிக் கதவு பளபளவென்று இருந்தது. ஒப்படைக்கும் அன்று சாக்கெட்டில் மல்டிமீட்டரைச் செருகிக் காட்டினார்: "பாருங்கண்ணா, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஜீரோங்க. சர்வர் கம்பெனிக்காரங்களே ரெண்டு வோல்ட் வரைக்கும் ஒத்துக்குவாங்க, நம்மளது ஜீரோ!"

சில மாதம் ஓடியது. ஒரு நாள் மதியம் அயர்ன் மாஸ்டர் பெட்டி சூடேறவில்லை என்று சத்தம் போட்டார். அதே நேரம் ரேக்கிலிருந்து யூபிஎஸ் பீப் அடித்தது. அக்கவுண்ட்ஸ் பார்க்கும் தம்பி என்னவென்று பார்க்கப் போய்க் கதவின் இரும்புச் சட்டத்தைப் பிடித்திருக்கிறான். தூக்கி அடித்துவிட்டது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததாலோ என்னவோ, கையில் மரமரப்போடு தப்பினான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈசிஜி எடுத்துப் பார்த்தோம், ஒன்றுமில்லை.

லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் வந்து மெயினை அணைத்துவிட்டு ரேக் சாக்கெட்டைக் கழற்றினார். உள்ளே நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயர் போட்டு இணைத்திருந்தார்கள். ஜீரோ வோல்ட் வந்த ரகசியம் அதுதான். இரண்டும் ஒரே இடத்தில் முறுக்கியிருந்தால் எந்த மீட்டர் வைத்தாலும் ஜீரோதானே காட்டும்! உண்மையான எர்த்தாக இருந்தால், லைனில் லோடு ஓடும்போது அரை வோல்ட்டோ ஒன்றிரண்டு வோல்ட்டோ காட்டத்தான் செய்யும்.

ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்பதையும் அவரே விளக்கினார். கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்ன கபாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லையென்றால் பாடி 115 வோல்ட் வாக்கில் மிதக்கும், தொட்டால் சுருக்கென்று இருக்கும். அதை மறைக்க நியூட்ரலைப் பிடித்து எர்த்தில் கட்டிவிட்டால் உடனே சுருக்கு நின்றுவிடும், வேலையும் முடிந்த மாதிரி இருக்கும். நியூட்ரல் ஒழுங்காக இருக்கும் வரைக்கும்தான் இந்த விளையாட்டு. எங்களுக்குச் சொன்ன 'தனி லைன்' உண்மையில் அயர்ன் டேபிள் லைனிலிருந்து பிரித்தது. அதன் ஜங்ஷன் பெட்டியில் நியூட்ரல் தளர்ந்து விட்டுப்போனது. அயர்ன் காயில் வழியாக வந்த 230 வோல்ட் திரும்பிப் போக வழியில்லாமல், அந்தத் துண்டு ஒயர் வழியாக ரேக் முழுக்க ஏறிவிட்டது. கரன்ட் கசிந்தால் லைனைத் தானாக வெட்டிவிடும் ஆர்சிசிபியும் அந்த லைனில் இல்லை.

எர்த் குழி? சிமென்ட் மூடியைத் திறந்தால் கையால் இழுத்தாலே வரும் குட்டைக் குழாய். அதிலிருந்து வந்த பச்சை ஒயர் ரேக்குக்குப் பின்னால் எதிலும் சேராமல் நின்றது.

இத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. கோடிக் கட்டிடத்துக் கேமராக்கள் ராத்திரி ஆனால் அணைந்து அணைந்து எரியும். கேமரா கோளாறு என்று சொல்லி இரண்டைப் புதிதாகவே விற்றார். பெரியவர் கேபிள் ஒயரைக் கத்தியால் சுரண்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். சிசிஏ என்பார்கள். செம்பை விட இதன் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பகலில் சமாளித்துவிடும். இருட்டியதும் கேமராவின் ஐஆர் விளக்கு எரிந்து கரன்ட் கூடுதலாக இழுக்கும்போது, நீளமான கேபிளில் வோல்டேஜ் விழுந்து கேமரா ரீபூட் ஆகும். போதாக்குறைக்கு அந்த டேட்டா கேபிளை மோட்டார் லைன் போகும் அதே பைப்பில் நுழைத்திருந்தார்கள். ஒன்று போனால் இன்னொன்று தாங்கட்டும் என்று இரண்டு பவர் சப்ளை உள்ள சர்வரை வாங்கியும், இரண்டு ஒயரும் ரேக்கின் ஒரே பிளக் பட்டையில்தான் (பிடியூ) செருகியிருந்தன.

கான்ட்ராக்டரைக் கேட்டதற்கு, "எல்லா இடத்துலயும் இப்படித்தானுங்க போடறோம், ஈபி நியூட்ரல் போனா நாங்க என்ன பண்ண?" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது.

ரேக் வேலை கொடுக்கப்போகிறவர்கள் கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரேக்குக்கு லைன் இழுக்கும் வேலையை நெட்வொர்க் ஆளிடம் விடாமல், லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்டருக்குத் தனியாகக் கொடுங்கள். எர்த் குழியை எர்த் டெஸ்டர் வைத்து உங்கள் கண் முன்னால் அளந்து, ஓம் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் பல்பு எரித்துக் காட்டினால் அதை ஏற்காதீர்கள், நியூட்ரலோடு கட்டிய போலி எர்த்திலும் பல்பு ஜம்மென்று எரியும். மெயினை அணைத்து, அந்த லைனின் நியூட்ரலை போர்டில் கழற்றிவிட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மீட்டரில் கன்டினியூட்டி (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் சோதனை) வைக்கச் சொல்லுங்கள். பீப் வந்தால் எங்கோ இணைத்திருக்கிறார்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் கேளுங்கள். கேபிள் பெட்டியைப் பிரிக்கும்போதே ஒரு துண்டு வாங்கிச் சுரண்டிப் பாருங்கள், பைப்புக்குள் போன பிறகு யாரும் உருவிக் காட்ட மாட்டார்கள்.

ஏற்கெனவே போட்டு முடித்தவர்களுக்கு: சந்தேகம் வந்தால் சாக்கெட்டை நீங்களே கழற்ற வேண்டாம். ரேக்கைத் தொடாமல் போர்டில் அந்த லைனை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். யூபிஎஸ் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திய பிறகுதான் கை வைக்க வேண்டும் என்பதை அவரிடமும் சொல்லிவிடுங்கள்.