ஜூனியர் சைஸ் அமெரிக்கன் ஃபுட்பால் செட்: மண்டபம் கடற்கரை மணலில் ஒரு சீசன் ஓட்டிய பிறகு

முதலிலேயே மார்க்கைப் போட்டுவிடுகிறேன். பந்துக்கு ஐந்துக்கு நாலு, கொடி பெல்ட்டுக்கு இரண்டு, கூட வந்த பம்புக்கு ஒன்று கொடுத்தாலே அதிகம். வாங்கியது ஆன்லைனில் கிடைக்கிற நடுத்தர விலை செட்: ஜூனியர் சைஸ் பந்து ஒன்று, இரண்டு கலரில் பத்து பெல்ட், ஒரு கைப்பம்பு, ஒரே ஒரு ஊசி. கம்பெனி பேர் வேண்டாம். இதே சரக்கு நாலைந்து பேரில் விற்கிறது, படத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது காலால் உதைக்கிற கால்பந்து இல்லை, இரண்டு முனையும் கூம்பி இருக்கிற பந்தைக் கையால் எறிந்து பிடிக்கிற அமெரிக்க ஆட்டம். அதிலும் முட்டி மோதிக் கீழே தள்ளாத கொடி வகை. இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் தொங்குகிற பட்டை. பந்தோடு ஓடுகிறவனின் பட்டையை உருவிவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நிற்கும். பக்கத்துக்கு ஐந்து பேர். 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, கிரிக்கெட்டோடு சேர்த்து இதையும் 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேர்த்துவிட்டது. அந்தச் செய்தியை போனில் காட்டித்தான் எங்கள் தெருப் பையன்கள் என்னைப் பிடித்தார்கள். நான் வாலிபால் ஆள். ராமநாதபுரம் மாவட்டத்தில் கரையோரம் பிறந்தவன் வேறு என்ன ஆளாக இருப்பான்? விசில் வைத்திருக்கிறவன் நான் ஒருத்தன்தான் என்பதால் கோச் ஆகிவிட்டேன்.

இந்த ஆட்டத்தில் நாலு பேர் எப்படியாவது ஓடிக்கொள்வார்கள். ஐந்தாவது ஆள், குவாட்டர்பேக், அவன்தான் தலைவலி. பந்தை வாங்கி யாருக்கு எறிவது என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். ஐவர் ஆட்டத்தில் அவன் தானே பந்தைத் தூக்கிக்கொண்டு ஆட்டம் தொடங்குகிற கோட்டைத் தாண்டி ஓடவும் முடியாது, எறிய வேண்டும், இல்லையென்றால் இன்னொருத்தன் கையில் கொடுக்க வேண்டும். ஏழு கஜம் தள்ளி நிற்கிற எதிராளி இவன் கொடியை உருவ நேராக ஓடிவருவான். கையில் இருப்பது இரண்டு மூன்று விநாடி. அந்த இடத்துக்கு ஒரு பையனைப் பழக்கிக் கொண்டுவருவதற்குள் நமக்கு நாக்குத் தள்ளிவிடும், பழக்கி முடித்தால் அவன் இருக்க மாட்டான்.

உயரமான பையன் ஒருத்தன் இருந்தான், ஐடிஐ முடித்தவன், மணல் மேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எறிந்தால் அந்தப் பக்கம் போய் விழும். மச்சான் விசா அனுப்பினார், கத்தாருக்குப் போய்விட்டான். போனதைத் தப்பு சொல்ல நான் யார்? அடுத்தவன் நிதானமானவன், எறிவதற்கு முன்னால் இரண்டு பேரைப் பார்ப்பான். அவன் அம்மா ஒருநாள் மணலிலேயே வந்து நின்றார்கள். "சார், இவன் பத்தாவது. பப்ளிக் முடியட்டும், அப்புறம் நீங்க பந்து குடுங்க." விடியும் முன்னே கடற்பாசி எடுக்கத் தண்ணீரில் இறங்குகிற பெண், மகன் படிப்புக்காக நிற்கிறார், சரிங்கக்கா என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை. அப்புறம் ஒரு இடதுகைக்காரன். எல்லாரிலும் இவன் எறிதான் சுத்தம், ஆனால் இடதுகையில் எறிகிற பந்து எதிர்த்திசையில் சுழன்று வரும், பிடிக்கிறவன் கையில் பட்டு வேறு மாதிரி நழுவும். நம் பையன்கள் அதற்குக் கை பழகிய நேரம் பார்த்து, குடும்பமே தூத்துக்குடிக்கு மாறிவிட்டது.

ராத்திரி படுக்கப் போகும்போது எனக்கு ஆறுதல் க்ளீவ்லேண்ட் பிரௌன்ஸ் என்கிற அமெரிக்க அணிதான். இவ்வளவு காசு வைத்திருக்கிற அமெரிக்க லீகிலேயே இந்தக் கூத்து நடக்கிறது. கெவின் ஸ்டெஃபான்ஸ்கி 2020-ல் கோச்சாக வந்தார். அந்த வருஷம் பேக்கர் மேஃபீல்ட் எல்லா ஆட்டத்திலும் தொடக்க குவாட்டர்பேக்காக இறங்கினார், 11 வெற்றி, பிளேஆஃபில் பிட்ஸ்பர்கை 48-37 என்று அடித்தார்கள். அடுத்த வருஷம் மேஃபீல்டுக்குத் தோளில் அடி. 2022-ல் நிர்வாகம் புது ஆட்டக்காரர்களை முதல் சுற்றிலேயே எடுக்கிற உரிமை மூன்றைத் தூக்கிக் கொடுத்து டெஷான் வாட்சனைக் கொண்டுவந்தது. 23 கோடி டாலர் சம்பளம், ஒரு டாலர் குறையாமல் உத்தரவாதம். வந்த வருஷமே அவருக்கு 11 ஆட்டத் தடை. 2023-ல்தான் உச்சம்: வாட்சன், தாம்ப்சன்-ராபின்சன், பி.ஜே. வாக்கர், ஜோ ஃபிளாக்கோ, ஜெஃப் டிரிஸ்கெல் என்று ஒரே சீசனில் ஐந்து பேர் தொடங்கினார்கள். அதில் ஃபிளாக்கோவுக்கு வயது 38. சீசன் பாதி முடியும்வரை எந்த அணியிலும் இல்லாமல் வீட்டில் இருந்தவர், நவம்பரில் கூப்பிட்டார்கள், வந்து தொடங்கிய ஐந்தில் நாலை ஜெயித்துக் கொடுத்தார். இத்தனை பேரை மாற்றியும் 11 ஆட்டம் வென்றதால் ஸ்டெஃபான்ஸ்கிக்கு அந்த வருஷத்தின் சிறந்த கோச் விருது. கடைசியில் பிளேஆஃபில் வாட்சனின் பழைய அணியான ஹூஸ்டனிடமே 45-14 என்று உதை வாங்கினார்கள், அது வேறு.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கதை ரொம்ப நல்லதாக இருக்கும். 2024-ல் வாட்சனுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது, அந்த சீசனில் நாலு பேர் தொடங்கினார்கள், மூன்றே வெற்றி. 2025-ல் மறுபடி ஃபிளாக்கோ, பிறகு டில்லன் கேப்ரியல், பிறகு ஷெடூர் சாண்டர்ஸ். ஐந்து வெற்றியோடு சீசன் முடிந்தது, 2026 ஜனவரியில் கோச்சை அனுப்பிவிட்டார்கள். குவாட்டர்பேக்கை வாங்கியது நிர்வாகம், வேலை போனது கோச்சுக்கு. எனக்குச் சம்பளமும் இல்லை, அனுப்பவும் ஆள் இல்லை, அந்த வகையில் நான் தேவலை.

2023-ல் ஸ்டெஃபான்ஸ்கி செய்தது என்னவென்றால் வந்தவன் கைக்குத் தகுந்த மாதிரி ஆட்டத்தை மாற்றினார். சின்னப் பையன் நின்றால் குட்டைப் பாஸ், ஃபிளாக்கோ நின்றால் நீளமாக எறிய விட்டார். பின்னால் மைல்ஸ் காரெட் மாதிரி தடுப்பாட்டக்காரர்கள் வேறு இருந்தார்கள். ஆளுக்கொரு ஆட்டம் என்பது அவருக்குக் கட்டுப்படியாகும். எங்களிடம் இருப்பதே நாலு ஆட்டத் திட்டம், அதிலும் ஒன்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. என்னால் மாற்ற முடிந்தது பந்தை மட்டும்தான். அதனால்தான் இந்த ரிவ்யூ.

முன்பு எங்களிடம் இருந்தது பெரியவர்கள் சைஸ் பந்து, கப்பல் வேலைக்குப் போன நண்பன் கொண்டுவந்தது. பதினொரு அங்குல நீளம், நானூறு கிராமுக்கு மேல் எடை. கத்தார் போன பையனுக்கு அது சரி. ஆனால் அவனுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஒவ்வொருத்தராகச் சின்ன ஆள். விரல் நுனி தையல் மேல் உட்கார்ந்தால்தான் பந்து சுழன்று நேராகப் போகும். கை எட்டவில்லை என்றால் உள்ளங்கையால் தள்ளுவான், பந்து காற்றில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே போய் யார் தலையிலாவது விழும். அங்கே தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கே கையை விரித்து அளக்கிறார்கள். 2022-ல் கென்னி பிக்கெட் என்கிற குவாட்டர்பேக்கின் கை எட்டரை அங்குலம்தான் என்று பெரிய பேச்சானது, அவர் இரண்டு கையிலும் கிளவுஸ் போட்டு ஆடுகிறவர். எட்டரை அங்குலத்துக்கே அப்படி என்றால் ஏழாவது படிக்கிறவன் கைக்கு என்ன சொல்வது?

ஜூனியர் சைஸ் வந்ததும் கிடைத்த லாபம் இதுதான்: யார் நின்றாலும் எறிய முடிகிறது. பெரியவன் எறிந்தால் கொஞ்சம் பொம்மை மாதிரி இருக்கும், ஆனால் குறி தப்பாது. சின்னவனுக்கு விரல் எட்டுகிறது. நிலையான ஆள் இல்லாத அணிக்குக் கை சிறியவனின் அளவைப் பார்த்துத்தான் பந்து வாங்க வேண்டும் என்பது என் கட்சி. பெட்டியில் ஒன்பது முதல் பன்னிரண்டு வயது என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பதினாறு வயது வரை தாராளமாக ஆடுகிறார்கள்.

மேல்தோல் தோல் இல்லை, செயற்கைதான். புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் சாயங்காலம் உப்புக் காற்றில் ஈரம் ஏறிவிட்டால் பிடி போய்விடுகிறது. நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்தால் பிடி திரும்பும். கடல் தண்ணீரில் அலம்பாதீர்கள், காய்ந்ததும் உப்புப் பூத்து நிற்கும். காற்று அடுத்த சங்கதி. பந்து லேசு என்பதால் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றில் பக்கவாட்டில் இழுக்கும். மண்டபத்தில் நமக்கு ஒரு வசதி, இரண்டு கடல். கச்சான் காலத்தில் வடகடல் கரை, வாடை தொடங்கிவிட்டால் தென்கடல் கரை. படகுக்காரர்கள் மாறுகிற மாதிரி நாங்களும் மாறிக்கொள்கிறோம்.

இந்த ஊரில் எந்தப் பந்துக்கும் எமன் சீமைக்கருவேல முள்தான். ஒருநாள் பந்து புதருக்குள் போய் வெளியே வரும்போதே சீறிக்கொண்டு வந்தது. கால்பந்தாக இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். இதில் தையலைப் பிரித்தால் உள்ளே காற்றடைக்கிற பிளாடர் தனியாகக் கையில் வரும், அது எனக்குப் பிடித்த விஷயம். வலை பொத்துகிற பெரியவரிடம் கொண்டுபோனேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், "என்னப்பா இது, கொழுக்கட்டையா?" என்றார். தையல் கயிற்றை ஊசி முனையால் ஒவ்வொரு சுற்றாக நெம்பி எடுத்துத் தொடை மேல் வைத்துக்கொண்டார். பிளாடரை சைக்கிள் கடைக்காரர் டியூபுக்கு ஒட்டுகிற மாதிரியே உரசி, சொல்யூஷன் தடவி, ரப்பர் துண்டு வைத்து ஒட்டிக் கொடுத்தார். திரும்பக் கட்டும்போது பழைய கயிறு அறுந்துவிட்டது. தூண்டிலுக்குப் போடுகிற தங்கூசி நரம்பு போடலாமா என்று கேட்டேன். "வழுக்கும், விரல் நிக்காது" என்று சொல்லிவிட்டு முறுக்கு நைலான் கயிற்றை எடுத்தார். ஓட்டைக்கு ஓட்டை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, கடைசி முடிச்சை உள்ளே தள்ளி நெருப்பில் காட்டி மூடினார். கம்பெனித் தையலைவிட இது மேடாக நிற்கிறது, விரலுக்குப் பிடி இன்னும் நன்றாக இருக்கிறது. காசு வாங்கவில்லை, டீ மட்டும்.

பெல்ட்டைப் பற்றி நல்லதாகச் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வெல்க்ரோ வகை. மணல் ஏறிய பிறகு ஒட்டாது, ஓடும்போதே பட்டை தானாக விழும். இவன் உருவினான், அவன் உருவவில்லை என்று பஞ்சாயத்து. பாதி நேரம் எனக்கு அதற்கே சரியாகப் போகிறது. பல் தேய்க்கிற பழைய பிரஷ்ஷால் வெல்க்ரோவைத் துலக்கினால் இரண்டு நாள் தாங்கும். கொக்கி துருப் பிடித்துவிட்டது. அளவும் பெரிது, சின்னப் பையன் இடுப்பில் கட்டினால் மீதி வால் மாதிரி தொங்கும், எதிராளி பட்டையை விட்டுவிட்டு அந்த வாலைப் பிடித்து இழுப்பான். பிளாஸ்டிக் குமிழில் மாட்டி, இழுத்தால் டப்பென்று கழன்று வருகிற வகை தனியாக விற்கிறார்கள், விலை கூடத்தான், ஆனால் கடற்கரைக்கு அதுதான் லாயக்கு.

பம்பு எதற்குக் கொடுத்தார்கள் என்றே தெரியவில்லை. ஊசி முதல் வாரமே வால்வுக்குள் முறிந்தது. ஊசியை எச்சில் தொட்டோ தண்ணீர் தொட்டோ நேராக இறக்குங்கள், காய்ந்த ஊசியைக் குத்தினால் வால்வும் கெடும். காற்றைக் காலையில் அடிக்காதீர்கள், வெயில் ஏறினால் பந்து கல்லாகிவிடும். சாயங்காலம் கட்டை விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும், அதுதான் அளவு.

டெலிவரி இழுத்தடித்தார்கள். மண்டபம் ராமேஸ்வரம் தீவில் இல்லை, தரையில்தான் இருக்கிறது, பாலம் தாண்ட வேண்டியதில்லை. இருந்தும் எங்கள் பின்கோடைப் பார்த்தாலே ராமநாதபுரத்தோடு பார்சல் உட்கார்ந்துகொள்கிறது. பெட்டி நசுங்கி வந்தது, பந்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது எறிவது ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண். தம்பியைக் கூட்டிப்போக வந்தவள் ஓரமாக நின்று பார்த்துவிட்டு, கரையில் கிடந்த பந்தை எடுத்து எறிந்ததில் இந்த இடம் அவளுக்குப் போய்விட்டது. ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு என்று அவள் வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். டியூஷன் நேரம் மாறாமல் இருந்தால் இந்த சீசன் முழுக்க இருப்பாள். பெரிய பந்தை வைத்திருந்தால் அவள் எறிந்திருக்க மாட்டாள் என்பது மட்டும் உறுதி.

திரும்ப வாங்குவேனா என்றால், செட்டாக வாங்க மாட்டேன். பந்தை மட்டும், அதுவும் இரண்டாக. ஒன்று முள்ளுக்கு. பெல்ட் குமிழ் வகையில் தனியாக. ஊசியை உள்ளூர் ஸ்போர்ட்ஸ் கடையில் அரை டஜன் வாங்கி வையுங்கள், வாலிபாலுக்கும் அதே ஊசிதான். விற்கிறவர் யாராவது இதைப் படித்தால், பெட்டியில் அந்த உபயோகமில்லாத பம்பை எடுத்துவிட்டு ஒரு பிளாடரை ஸ்பேராகப் போட்டு அனுப்புங்கள், இன்னொரு மார்க் கூட்டிவிடுகிறேன்.