டைட்டானியாவா, டின் ஆக்சைடா, நிக்கல் கோபால்ட் ஆக்சைடா? ஆல்கஹால் மின்கலத்துக்கு எது உதவும்?

மெத்தனால் எரிபொருள் மின்கலத்தில் வினையூக்கியாக இருக்கும் பிளாட்டினத்துக்குப் பெரிய எதிரி கார்பன் மோனாக்சைடு. மெத்தனால் பாதி சிதையும்போதே இது உருவாகி, பிளாட்டினத்தின் மேல் ஒட்டிக்கொண்டு அடுத்த மூலக்கூறுக்கு இடம் விடாது. ருத்தேனியம் சேர்த்தால் தொல்லை குறையும். ஆனால் அது விலை கூடிய உலோகம். அமிலத்தில் மெல்லக் கரைந்து, நடுவிலுள்ள சவ்வைக் கடந்து, ஆக்சிஜன் வினைபுரியும் எதிர் மின்வாயான கேத்தோடில் போய்ப் படியும். அதனால்தான் பிளாட்டினத்தைத் தாங்கி உதவவோ, அதற்குப் பதிலாகவோ நுண்துளை ஆக்சைடுகளைத் தேடுகிறார்கள்.

டைட்டானியாவின், அதாவது டைட்டானியம் டை ஆக்சைடின், பலம் உறுதி. பிளாட்டினத் துகள்களை வழக்கமாகச் சுமக்கும் கார்பன் தாங்கி அரிக்கப்படும் சூழலிலும் இது நிற்கும். இதன் பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள், பக்கத்துப் பிளாட்டினத்தில் ஒட்டிய கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாக்கி வெளியேற்றும். குறை, மின்கடத்தல் மிகக் குறைவு. ஆக்சிஜனைக் கொஞ்சம் பறித்தால் நன்றாகக் கடத்தும். ஆனால் அதற்கு ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. அந்தச் சூட்டில் துளைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். மின்கடத்தலைக் கூட்ட நையோபியம் என்ற உலோகத்தைக் கலப்பதே எனக்கு நல்ல வழியாகப் படுகிறது.

நிக்கல் கோபால்ட் ஆக்சைடுக்குப் பிளாட்டினமே வேண்டாம். மலிவு, காரக் கரைசலில் நிலைக்கும், பஞ்சு போலத் துளைகள் கொண்ட நிக்கல் நுரையின் மேல் ஊசி ஊசியாக வளர்க்கலாம். ஆய்வுக் கட்டுரைகளில் இதன் மின்னோட்டம் மலைக்க வைக்கும். எந்த மின்னழுத்தத்தில் என்று பாருங்கள். நிக்கல் மூன்றாம் ஆக்சிஜனேற்ற நிலைக்கு ஏறிய பிறகே மெத்தனாலைத் தாக்குகிறது. அதற்கு ஹைட்ரஜன் மின்வாயை ஒப்பிட ஏறத்தாழ 1.3 வோல்ட் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் ஆக்சிஜன் தரக்கூடிய உச்சமே 1.23 வோல்ட். அப்படியானால் இந்தக் கலம் மின்சாரம் தராது, நாம்தான் அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டியிருக்கும். விளைபொருளும் பெரும்பாலும் ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு). ஒரு மெத்தனால் மூலக்கூறிலிருந்து 6 எலக்ட்ரானுக்குப் பதில் 4 மட்டுமே கிடைக்கும். ஹைட்ரஜன் தயாரிக்கும் மின்பகுப்புக் கலத்துக்கு இது அருமையான பொருள், அங்கே ஃபார்மேட்டுக்கும் விலை உண்டு. எரிபொருள் மின்கலத்துக்கு என்று இதை முன்வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எத்தனால் என்றால் என் தேர்வு டின் ஆக்சைடு. எத்தனாலில் இரண்டு கார்பன்களுக்கு இடையிலான பிணைப்பு அறுந்தால்தான் 12 எலக்ட்ரானும் கிடைக்கும். அசிட்டிக் அமிலத்தோடு நின்றுவிட்டால் 4தான். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 2009-இல் பிளாட்டினம், ரோடியம், டின் ஆக்சைடு மூன்றையும் சேர்த்து, அறை வெப்பநிலையிலேயே அந்தப் பிணைப்பை அறுத்துக் காட்டினார்கள். ரோடியத்தின் விலைதான் உறுத்துகிறது.

துளை விஷயத்தில், பரப்பளவு எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 2 நானோமீட்டருக்கும் குறைந்த துளைக்குள் புரோட்டான் கடத்தும் பாலிமர் நுழையாது. உள்ளே இருக்கும் பிளாட்டினம் பெருமளவு வீண். உருவாகும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேற வழி வேண்டும். நான் எடுப்பதானால் 10 முதல் 50 நானோமீட்டர் அகலமுள்ள, ஒன்றோடொன்று இணைந்த துளைகளைத்தான் எடுப்பேன், மொத்தப் பரப்பளவு பாதியாகக் குறைந்தாலும்.