நிரந்தரம் என்று சொல்லி அடினோவைத் தலையில் கட்டினார்கள்

புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். வைரஸ் வெக்டர் (செல்லுக்குள் ஜீனைச் சுமந்து செல்லும்படி மாற்றியமைத்த வைரஸ்) விற்கும் ஒரு விநியோகஸ்தரிடம் நான் ஏமாந்ததை எழுதக் காரணம், அவர்களுடைய பிரதிநிதி இப்போது கடலூர்க் கல்லூரிகளுக்கும் வந்துபோகிறார் என்று நண்பர் ஒருவர் சொன்னதுதான்.

எனக்கு வேண்டியிருந்தது, ஹீலா என்ற புற்றுநோய்ச் செல்களில் ஒரு ஜீனைப் புகுத்தி, அது மாதக்கணக்கில் நிலைத்திருக்கும் செல் லைன், அதாவது தொடர்ந்து வளர்த்துவரக்கூடிய செல் வரிசை. சுமந்து வரும் ஜீனைக் குரோமோசோமிலேயே பதித்துவிடும் லெண்டிவைரஸ்தான் அதற்குப் பொருத்தம். செல் பிரியும்போதெல்லாம் சேய்ச் செல்களுக்கும் அந்த ஜீன் போய்ச் சேரும். கொட்டேஷனும் அதற்குத்தான் கேட்டேன். பிரதிநிதியோ, "சார், அது எச்.ஐ.வி.யிலிருந்து வந்தது, உயிர்ப்பாதுகாப்புக் குழுவில் இழுத்தடிப்பார்கள், அடினோவைரஸ் வெக்டர் எடுத்துக்கொள்ளுங்கள், அதுவும் நிரந்தரமாக நிற்கும், பேப்பர் வேலையும் கிடையாது" என்றார். இதில் எச்.ஐ.வி. என்பது மட்டும் உண்மை. நோய்க்குக் காரணமான பகுதிகளை நீக்கி, தேவையானவற்றைத் தனித்தனி பிளாஸ்மிட்களில் (வட்ட வடிவ டிஎன்ஏக்களில்) பிரித்து வைத்துத்தான் இன்றைய லெண்டி வெக்டரைத் தயாரிக்கிறார்கள் என்பதை அவர் சொல்லவில்லை. பணம் கட்டிய பிறகு, அடினோவுக்கும் அதே குழுவிடம் அதே படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன்.

மே மாத வெயிலில் வந்த தெர்மோகோல் பெட்டியில் வெக்டரை உறைநிலையில் வைத்திருக்க வேண்டிய டிரை ஐஸ் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. அதையும் மீறி, 48 மணி நேரம் கழித்து ஜீன் வேலை செய்யும் செல்களைப் பச்சையாக ஒளிரக் காட்டும் ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது தட்டு முழுக்க நாற்றங்கால் போலப் பச்சை. மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். நான்காவது பேசேஜில் (செல்களைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்றும் சுற்றில்) அந்தப் பச்சை அங்கொன்றும் இங்கொன்றுமாகியது. பதினைந்தாம் நாள் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அடினோ கொண்டுவரும் டிஎன்ஏ குரோமோசோமில் சேராமல் உட்கருவில் தனியே நிற்கும், தானும் பெருகாது; செல் பிரியப் பிரிய, பாகம் பிரித்த சொத்தைப் போலத் தேய்ந்துகொண்டே போகும். ஏறத்தாழ நாளுக்கொரு முறை இரட்டிக்கும் ஹீலாவில், பத்துப் பிரிவுகளுக்குப் பின் ஒரு செல்லின் சராசரிப் பங்கு 1024இல் ஒன்றுதான். இரண்டு மூன்று நாட்களில் முடியும் சோதனைக்கு அடினோ அருமையான வெக்டர் என்பதை மறுக்கவில்லை. என் வேலைக்கு அது ஆகாது.

புகார் செய்தபோது, "48 மணி நேரத்தில் வெளிப்பாடு தெரியும் என்றுதானே தாளில் இருக்கிறது, நிரந்தரம் என்று எங்கே எழுதியிருக்கிறோம்?" என்று கேட்டார்கள். உண்மைதான், அது வாய்ச்சொல். லேபிளில் பெரிதாக அச்சிட்டிருந்த எண்ணும், நான் கேட்ட தொற்றும் திறனுள்ள அலகுகளைக் குறிக்கவில்லை, மொத்தத் துகள்களின் எண்ணிக்கை. அவற்றில் ஒரு பகுதிதான் செல்லுக்குள் ஜீனைக் கொண்டுசேர்க்கும். வெக்டரின் வகை, அது குரோமோசோமில் பதியுமா, அளவு எந்த அலகில், டிரை ஐஸ் தீர்ந்து வந்தால் மாற்றித் தருவார்களா என்ற நான்கையும் கொட்டேஷனிலேயே எழுதி வாங்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள்.

பணம் திரும்பவில்லை. மீதி மூன்று குப்பிகள் மைனஸ் 80 ஃப்ரீசரில் இருக்கின்றன. பக்கத்து ஆய்வகத்தில் இரண்டு நாள் சோதனை செய்பவர்கள் கேட்டிருக்கிறார்கள், அவர்களும் இப்போது அதே படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.