பித்தளை உறை பதமானதா: நிறம், பூச்சு, அளவு

சுட்ட தோட்டா உறைகளை மறுபடி நிரப்புகிறவர்களுக்கு அனீலிங்கின், அதாவது உறையைக் காய்ச்சி இளக்குவதன், அவசியத்தை விளக்க வேண்டியதில்லை. சுடும்போது குண்டைப் பிடித்திருக்கும் கழுத்து விரிகிறது, உறையைப் பழைய அளவுக்கு அழுத்தும் அச்சான டையில் மறுபடி சுருங்குகிறது. 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இப்படியே இறுகி, ஒருநாள் கழுத்தில் விரிசல் விடுகிறது. கழுத்தையும், அதற்குக் கீழே உறை சரிந்து அகலும் தோளையும் கேஸ் டார்ச்சில் காய்ச்சினால் இளகும். போதிய அளவு இளகியதா என்று எப்படி அறிவது? நிறத்தைப் பார்க்கலாம், வெப்பம் காட்டும் பூச்சைத் தடவலாம், அளந்து பார்க்கலாம். மூன்றையும் செய்து பார்த்து, நான் அளப்பதிலேயே நின்றுவிட்டேன்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தோளுக்குக் கீழே படரும் நீல வளையம் மேற்பரப்பில் படிந்த ஆக்சைடுதான். உள்ளே உலோகம் இளகாதபோதும் அது தோன்றும். மங்கிய வெளிச்சத்தில் கழுத்து செவ்வொளி விடுவது இதைவிட நல்ல அடையாளம் என்றாலும், அறையின் வெளிச்சம் மாறினால் கண்ணின் கணக்கும் மாறிவிடும்.

பூச்சு நேர்மையானது. 400 டிகிரி செல்சியஸில் உருகும் பூச்சைக் கழுத்தின் உட்புறம் தடவ வேண்டும். வெளியே தடவினால் சுடரே அதை உருக்கிவிடும். ஆனால் அது சொல்வது வெப்பநிலையை மட்டுமே. இளக்கம் நேரத்தையும் பொறுத்தது: 400 டிகிரியில் ஒரு நொடி நின்ற பித்தளையும் ஒரு மணி நேரம் நின்ற பித்தளையும் ஒன்றல்ல.

அளப்பதை நான் நம்புவதற்குக் காரணம் இதுதான். மற்ற இரண்டும் தீ என்ன செய்திருக்கும் என்று ஊகிக்கின்றன. இது உலோகத்தையே கேட்கிறது. இறுகிய பித்தளை டையை விட்டு வெளிவந்ததும் வில் போலச் சற்றே மீண்டு விரியும், இளகியது கொடுத்த அளவிலேயே நிற்கும். ஒரே தயாரிப்பில், ஒரே எண்ணிக்கையில் சுடப்பட்ட உறைகளை எடுத்து, பாதியைக் காய்ச்சி, பாதியை அப்படியே விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மசகு தடவி ஒரே டையில் செலுத்துங்கள். டைக்குள் இருக்கும் விரிப்புக் குமிழை முதலில் கழற்றிவிட வேண்டும். வெளியே வரும்போது அது கழுத்தை இழுத்துத் தன் அளவுக்குக் கொண்டுவந்து, நாம் தேடும் வேறுபாட்டை அழித்துவிடும். பிறகு கழுத்தின் வெளிவிட்டத்தை அளந்து பாருங்கள். வேறுபாடு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான் இருக்கும், ஆகவே காலிப்பர் போதாது, மைக்ரோமீட்டர் வேண்டும். காய்ச்சியவை தெளிவாகச் சிறுத்திருந்தால் வேலை நடந்திருக்கிறது. இரண்டு கூட்டமும் ஒரே அளவில் நின்றால், நீல வளையம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழுத்து இன்னும் இறுக்கமாகவே இருக்கிறது.

இந்த முறை குறைவாகக் காய்ச்சியதைத்தான் நன்றாகக் காட்டிக்கொடுக்கும். அளவு மீறியதை அவ்வளவு தெளிவாகக் காட்டாது. அதற்கு ஓர் உறையைப் பலி கொடுக்கிறேன். கழுத்தைக் குறடால் லேசாக அழுத்தி விட்டால், பதமானது ஓரளவாவது மீள வேண்டும். அழுத்தியபடியே நசுங்கிக் கிடந்தால் அந்தக் கழுத்து குண்டைப் பிடிக்காது, மறுபடி காய்ச்சி அதைச் சரிசெய்யவும் முடியாது. எவ்வளவு மீண்டால் போதும் என்பது கைப்பழக்கம். எண்ணாகச் சொல்ல என்னால் இயலவில்லை. தோள் உள்ள ரைஃபிள் உறைகளில் மட்டுமே இதைச் செய்திருக்கிறேன், நேர்ச்சுவர் உறைகளுக்கு உறுதி தரமாட்டேன்.

பூச்சை முழுவதும் கைவிட்டுவிடவில்லை. அழுத்தத்தைத் தாங்குவது உறையின் அடிப்பாகம். அது இளகவே கூடாது, கழுத்தை அளப்பதால் அதன் நிலை தெரியவும் தெரியாது. 230 டிகிரிப் பூச்சை உடலில் தோளுக்குக் கீழிருந்து அடிவரை ஒரு கோடாக இழுத்துவிடுகிறேன். காய்ச்சியதும் தண்ணீரில் போட்டால் எஃகைப் போலப் பித்தளை இறுகாது, கீழ்நோக்கி ஊரும் வெப்பம் நிற்கும், அவ்வளவுதான். கோடு அடிப்பாகத்தை நெருங்கி உருகியிருந்தால், கழுத்து எவ்வளவு பதமாக வந்திருந்தாலும் அந்த உறையை நசுக்கிப் பழைய உலோகத்தோடு போட்டுவிடுகிறேன்.