‘கூண்டில்லாக் காப்பகம்’ என்ற பலகையை நம்பிப் போகிறவர்களுக்கு

‘கூண்டுகள் கிடையாது. மீட்கப்பட்ட குரங்குகள் காட்டில் தம் இஷ்டப்படி திரிகின்றன. உங்கள் டிக்கெட் பணம் முழுவதும் அவற்றின் பராமரிப்புக்கே.’ இதைப் படித்துவிட்டுத்தான் நானும் மனைவியும் அண்ணன் மகளும் ஐந்து நாட்களுக்கு முன் கிளம்பிப் போனோம். கூண்டு இல்லை என்பது மட்டும் உண்மை.

உள்ளே போனதுமே கேமராவுக்குத் தனிக் கட்டணம், வேர்க்கடலைப் பொட்டலத்துக்குத் தனிக் கட்டணம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மீட்ட குரங்கை மறுபடி காட்டு வாழ்க்கைக்குப் பழக்க நினைக்கிறவர்கள் மனிதக் கையிலிருந்து கடலை வாங்கித் தின்ன விடுவார்களா? வழிகாட்டி இரண்டு முறை சீட்டியடித்தார். மரங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு மகாக் குரங்குகள் (நம் ஊர்க் கோயில்களில் திரியும் குரங்குகளின் இனம்) இறங்கி வந்து, நேராக எங்கள் பைகளின் ஜிப்பைத் தேடின. சுதந்திரமாகத் திரிகின்றனவாம்!

ஒன்று என் தோளில் ஏறி உட்கார்ந்தது. “முகத்தைப் பக்கத்தில் வைத்து அதன் கண்ணைப் பாருங்கள் சார், படம் நன்றாக வரும்” என்றார் வழிகாட்டி. நானும் பார்த்தேன். மகாக் குரங்கு அப்படி உற்றுப் பார்ப்பதை மிரட்டலாகவே எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாமலிருக்க வழியில்லை. முன்கையில் இரண்டு பல் ஆழமாகப் பதிந்தது. அவர் ஒரு டப்பாவிலிருந்து ஏதோ களிம்பைத் தடவி, “எல்லாவற்றுக்கும் ஊசி போட்டிருக்கிறோம்” என்றார். பதிவேட்டைக் கேட்டேன். டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். விலங்குகளால் நேரும் காயத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று எறும்பு எழுத்தில் அச்சிட்டிருந்தது.

கடிபட்டால் களிம்புக்குக் கையை நீட்டாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். எனக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்புப் புரத ஊசியும் போட்டார்கள். எந்த வகைக் குரங்கு என்று டாக்டர் துருவித் துருவிக் கேட்டார். மகாக் வகையின் எச்சிலில் பி வைரஸ் இருக்கக்கூடும். மனிதருக்குத் தொற்றுவது மிக அரிது, தொற்றினால் மூளையைத் தாக்கும். அதற்கும் மாத்திரை தந்திருக்கிறார்.

ஆனால் கடியைவிட என்னை உறுத்துவது வேறு. பாதை முடிகிற இடத்தில் ஒருவர் பிரம்புக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஸ்லோ லோரிஸ். தேவாங்கின் உறவுக்கார இனம், இரவில் மட்டும் நடமாடுவது. உச்சி வெயிலில், ஃபிளாஷ் வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். அவர் அக்குளில் கிச்சுகிச்சு மூட்ட, அது இரண்டு கைகளையும் மெல்லத் தலைக்கு மேல் தூக்கியது. அண்ணன் மகள் சிரித்தாள், நானும்தான். வீட்டுக்கு வந்து படித்த பிறகே விளங்கியது. அதன் முழங்கைக்கு அருகே நஞ்சு சுரக்கும் சுரப்பி இருக்கிறது. பயந்தால் கையைத் தூக்கி, அந்தச் சுரப்பைப் பல்லில் ஏற்றிக்கொண்டு கடிக்கத் தயாராகும். நாங்கள் கொஞ்சல் என்று நினைத்தது அதன் கடைசித் தற்காப்பு. சுற்றுலாத் தொழிலில் இவற்றின் பல்லையே வெட்டிவிடுவது வழக்கமாம். கூடையிலிருந்தது வாயைத் திறந்தபோது முன்பற்கள் இருந்தனவா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. 2007 முதல் எல்லா ஸ்லோ லோரிஸ் வகைகளுக்கும் சர்வதேச வணிகத் தடை உண்டு.

நல்ல காப்பகங்களும் இருக்கின்றன, எல்லாரையும் திட்டவில்லை. அவை விலங்கை விற்பதில்லை, குட்டி போட வைப்பதில்லை, தொடவும் விடுவதில்லை. பாதையை விட்டு இறங்கினாலே வழிகாட்டி அதட்டுவார். சில நாள் ஒரு வாலைக்கூடப் பார்க்காமல் திரும்ப வேண்டியிருக்கும். இயற்கைப் பாதுகாப்புக்கான ஐ.யூ.சி.என். அமைப்பின் குரங்கின வல்லுநர்கள் 2021இல் வெளியிட்ட படமெடுப்பு வழிகாட்டி, குறைந்தது 7 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறது. முன்பதிவுக்கு முன் அந்த இடத்தின் விளம்பரப் படங்களைப் பாருங்கள். தோளில் குரங்கு, மடியில் குட்டி என்றிருந்தால் பணத்தைக் கட்டாதீர்கள். குட்டி எங்கிருந்து வந்தது, தாய் எங்கே என்று ஒரு கேள்வி மட்டும் போனில் கேட்டுப் பாருங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதியிருந்தேன். இன்று காலை பதில் வந்தது: அடுத்த முறை வரும்போது டிக்கெட்டில் பாதித் தள்ளுபடியாம், கடலைப் பொட்டலம் இலவசமாம். நாளை மறுநாள் எனக்கு மூன்றாவது ஊசி.