கையெழுத்திட்ட நோட்டா, வெற்று நோட்டா?

1860-கள் வரை அமெரிக்காவில் தனியார் வங்கிகளும் டாலர் நோட்டு வெளியிட்டன. மத்திய அரசு அந்த நோட்டுகள் மீது 10 சதவீத வரி போட்டதும் அவை மறைந்தன. இன்று அவற்றைச் சேகரிப்பவர்கள் எதை வாங்கலாம், கையெழுத்திட்டதையா, வெற்று நோட்டையா?

புழக்கத்துக்கே போகாத நோட்டில் கையெழுத்து, தேதி, எண் போடும் இடங்கள் காலியாக இருக்கும். தாள் பளிச்சென்று இருக்கும். நியூ ஆர்லியன்ஸ் கனால் வங்கி நோட்டுகள் வெட்டாத முழுத்தாளாகவே கிடைக்கின்றன. அதனால் விலையும் குறைவு.

புழங்கிய நோட்டில் வங்கித் தலைவரும் காசாளரும் மையால் போட்ட கையெழுத்து உண்டு. மடிப்பும் கிழிசலும் விலையைக் குறைக்கும்தான். ஆனால் சின்ன ஊர் வங்கி, மிஞ்சியது ஓரிரு நோட்டு என்றால் கிழிசலையும் பொருட்படுத்தாமல் போட்டி போடுவார்கள். சாண்டா கிளாஸ் படம் போட்ட நோட்டென்றால் கேட்கவே வேண்டாம்.

என் ஓட்டு கையெழுத்திட்டதற்கே. வாங்கினால், மடிப்பை இஸ்திரி போட்டு நிமிர்த்திவிடாதீர்கள்.