தூரம் சரி, நேரம்தான் சரியில்லை: ஒரு செயலியோடு நாலு வருடம்

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று காட்டும் செயலி ஒன்று நாலு வருடமாக என் போனில் இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ளலாமா என்று நேற்று நண்பர் ஒருவர் கேட்டார். சட்டென்று பதில் சொல்ல வரவில்லை.

தூரத்தில் குறையே இல்லை. நான் அடிக்கடி போய்வரும் இரண்டு சின்ன நிலையங்களுக்கு நடுவே 310 கிலோமீட்டர், அதாவது 167 கடல் மைல் என்று காட்டும். பூமியின் வளைவை ஒட்டிப் போகும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் அது. டிக்கெட்டில் போடும் மூன்றெழுத்துக் குறியீடு இல்லாத குட்டி நிலையமாக இருந்தாலும், விமானிகள் பயன்படுத்தும் நான்கெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடும். இதற்காகவே அதன் மேல் எனக்கு ஒரு பிரியம்.

ஆனால் நேரம்? 23 நிமிடம் என்கிறது. 310-ஐ மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்தால் வரும் கணக்கு. அது பெரிய ஜெட்டின் வேகம். சின்ன நிலையங்களுக்கு நடுவே பெரும்பாலும் ஓடுவது ஏடிஆர் 72 போன்ற டர்போப்ராப், அதாவது இறக்கையில் சுழலும் விசிறி வைத்த விமானம். மேலே ஏறி நிதானப்பட்ட பிறகும் அது மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர்தான் போகும். இவ்வளவு குறைந்த தூரத்தில் பாதி நேரம் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடும். காற்றுக்கு எதிராகக் கிளம்புவதே வழக்கம் என்பதால், சில நாள் போக வேண்டிய திசைக்கு எதிர்ப்பக்கம் கிளம்பிச் சுற்றித் திரும்பும்.

தரையிலும் நேரம் போகும். நாங்கள் இறங்கும் நிலையத்தில் ஓடுபாதைக்குப் பக்கத்தில் தனி டாக்ஸிவே, அதாவது ஓடுபாதையை விட்டு விலகி விமானம் நிறுத்துமிடத்துக்குப் போகும் வழி, கிடையாது. இறங்கிய விமானம் கடைசிவரை ஓடி, நின்று, அங்கேயே அரைவட்டம் போட்டு, வந்த ஓடுபாதையிலேயே மெதுவாகத் திரும்பி வரும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஓரத்துப் புல்லை ஒவ்வொரு கொத்தாக எண்ணலாம். அந்த நேரத்தில் இன்னொரு விமானம் இறங்க வழியில்லை, மேலேயே காத்திருக்க வேண்டியதுதான். கதவு மூடியதிலிருந்து திறக்கும்வரை நான் குறித்துவைத்ததில் குறைந்தது 58 நிமிடம், அதிகம் 1 மணி 22 நிமிடம்.

நீண்ட பயணத்தில் இப்படிக் கூடுதலாகப் போகும் அரை மணி நேரம் யார் கண்ணிலும் படாது. இங்கேயோ அதுதான் பயணத்தில் பாதி.

போன மாதம் அம்மா தனியாக வந்தார். அழைத்துவரப் போன அண்ணன் இதே செயலியைப் பார்த்துவிட்டு, அரை மணி நேரம் கழிந்தும் விமானத்தைக் காணோம் என்று பதறி எனக்கு நாலு தடவை போன் செய்துவிட்டார். விமானம் நேரப்படிதான் வந்துகொண்டிருந்தது. அட்டவணையில் 1 மணி 10 நிமிடம் என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

விமான வகையைத் தேர்ந்தெடுக்க ஒரு வசதி வையுங்கள், இல்லையென்றால் இது வெறும் கணக்கு என்றாவது எழுதுங்கள் என்று மூன்று தடவை எழுதிக் கேட்டேன். அப்புறம் வந்த புதுப்பிப்பில் வரைபடத்தின் நிறம்தான் மாறியது.

நண்பரிடம் வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். தூரம் மட்டும் தெரிய வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள், அதில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.